சின்னக் கோச்சிக்காரர் கை உயர்த்தாத நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதம் எழுதுவேன், கோயில் நோட்டீஸ் வாசிப்பேன். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிப் பழக்கமில்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எங்கேயாவது போய்விடுவேன். சில பெயர்கள் மறந்து போய்விட்டன. மறக்காத பெயர்களையும் எழுதவில்லை; அந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், நான் அவர்களிடம் கேட்கவில்லை. எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் புத்தகம் ஒன்று போடுகிறோம், ஆளுக்கு ஒன்று எழுதித் தாருங்கள் என்றார்கள். மற்றவர்கள் தாங்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கதையை எழுதுகிறார்கள். எனக்கு அது எழுத வரவில்லை. என் மனுசனுடைய சின்னக் கோச்சிக்காரரைப் பற்றி எழுதுகிறேன்.

கோச்சி என்றால் ரயில். என் மனுசன் இளம் வயதில் கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரிப் பக்கம் போன களனிவெளிப் பாதையில், கடைசிப் பெட்டியில் நின்று விசில் ஊதிக் கோச்சியை விடுகிற கார்ட்டாக இருந்தவர். மற்றப் பாதைகளைப் போல அது அகலமான தண்டவாளம் இல்லை. இரண்டரை அடிதான். பெட்டியும் சின்னன், எஞ்சினும் சின்னன். வடக்கே ஓடிய பெரிய கோச்சியில் ஏறி இறங்கிய என் அண்ணன்மாருக்கு அது பெரிய பகிடி.

"மச்சான், உங்கட கோச்சிக்குச் சாவி குடுக்கிறதோ, கயிறு கட்டி இழுக்கிறதோ?"

"ரெண்டும் இல்லை. நான் பின்னாலை நிண்டு ஊத, அது பயந்து ஓடும்" என்பார் இவர்.

அந்த நாளிலேயே ஒரு கமரா வைத்திருந்தார். மற்றவர்கள் கலியாணத்தையும் பிள்ளைகளையும் படம் எடுக்க, இவர் எஞ்சினை எடுப்பார். படங்கள் கொழும்பில் அவருடைய தங்கச்சி வீட்டில் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்ததால் தப்பின. நாங்கள் மொன்றியலுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு அவள் அதைத் தபாலில் அனுப்பிவைத்தாள். பெட்டியை உடைத்தபோது நான் பிள்ளைகளின் சின்ன வயதுப் படம் ஏதாவது இருக்கும் என்று பார்த்தேன். எல்லாம் புகைபோக்கி.

அவருக்கு இங்கே சின்னக் கோச்சிக்காரரின் கூட்டம் கிடைத்தது நூல்நிலையத்தில். அங்கே சுவரில் ஒரு சின்ன எஞ்சின் படம் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே, ஒடுக்கமான தண்டவாளத்தில் ஓடிய ரயில்களை விரும்புகிறவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் கூடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. இவர் அந்தக் கடதாசிக்கு முன்னால் நின்று நகர மாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், மாடிப்படி ஏறும் வீட்டில். மொன்றியல் ஒரு தீவு; சென்ட்-ஆன் அதன் மறு தொங்கல், கடைசி முனை. கர்க்லாண்டில் இருக்கும் மகள்தான் வந்து ஏற்றிக்கொண்டு போவாள். ஒரு பக்கக் காது கேளாத மனுசனைத் தனியே விட மனம் வராமல் நானும் போகத் தொடங்கினேன்.

நான் வெட்கம் பிடித்தவள். மண்டபத்தின் பின்னால் கோப்பி வைக்கிற சின்னக் குசினி ஒன்று இருந்தது. அதன் வாசலில் கதிரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, உடுப்புக்குக் கரை தைத்துக்கொண்டு இருப்பேன். மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போவேன். அதை அவர்கள் தக்காளிச் சோஸில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். முதல் தரம் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிறகு நானே சோஸ் போத்திலும் கொண்டுபோனேன்.

அவர்கள் இங்கிலிசும் பிரெஞ்சும் கலந்துதான் கதைப்பார்கள். நான் துணி தைக்கிற ஃபக்டரியில் பிரெஞ்சுப் பெண்களோடு வேலை செய்தவள். அதனால் பிரெஞ்சு காதில் விழுந்தால் விளங்கும். வாயைத் திறக்கத்தான் வெட்கம். இங்கிலிசில் சொன்னதை இவர் எனக்குத் தமிழில் சொல்வார். அவர்கள் சொன்னதையெல்லாம் நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் எழும்பி ஒரு படத்தைத் திரையில் காட்டுவார். முதலில் தண்டவாளம் எத்தனை அடி அகலம் என்று சொல்ல வேண்டும். பிறகு எந்த இடம், எந்த எஞ்சின், எந்தக் காலம். மனைவி மக்களைப் பற்றிச் சொல்வதென்றால் அதெல்லாம் முடிந்த பிறகுதான். சொல்லி முடிந்ததும் தலைவர், அவர் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், "திருத்தம் உண்டோ?" என்று கேட்பார். உடனே கைகள் எழும்பும். அது அந்தப் பாலம் இல்லை, இது அந்த எஞ்சின் இல்லை, புகைபோக்கியில் வளையம் இருக்கிறது, பார், உனக்குக் கண் தெரியாதோ என்று பாய்வார்கள். பிழை என்று நிரூபித்துவிட்டால், பிழை விட்டவர் திருத்தியவருக்குத் தன் கையால் ஒரு கோப்பி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். திருத்தியவர் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் சரியானதை எழுதுவார்.

முதல் நாள் நான் பயந்துபோனேன். வயதுபோன மனுசர் இப்படி ஒருவரையொருவர் கடிக்கிறார்களே என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், கோப்பி கொண்டுபோகிறவரும் சிரித்துக்கொண்டுதான் போகிறார்.

எல்லாரிலும் பொல்லாதவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெரிய உடம்பு, வெள்ளைத் தாடி. இளம் வயதில் சதுப்பு நிலத்தில் கறுப்பு மண் வெட்டி ஏற்றுகிற சின்ன ரயிலில் வேலை செய்தவர். ஒருநாள் ஓர் உறுப்பினர், செத்துப்போன தன் மனைவி ஒரு பாலத்தில் நிற்கிற படத்தைக் காட்டி, குரல் தழுதழுத்து நின்றார். தாடிக்காரர் கை உயர்த்தினார். "உங்கட மனுசி நல்ல வடிவு. ஆனால் அது அந்தப் பாலம் இல்லை" என்றார். நான் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன். அந்த மனுசன் கண்ணைத் துடைத்துப் படத்தை உற்றுப் பார்த்தார். "ஓம், இல்லைத்தான்" என்று சொல்லி, சிரித்து, கோப்பி ஊற்றப் போனார்.

என் மனுசன் முதல் இரண்டு வருடமும் கோப்பி சுமந்துகொண்டே திரிந்தார். பிறகு மெல்ல மெல்ல அவருக்கும் கோப்பி வரத் தொடங்கியது. அவரை அங்கே "கார்ட்" என்றுதான் கூப்பிடுவார்கள். தாடிக்காரர் கையால் முதல் கோப்பி வாங்கிய நாளில் வீடு வரும் வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"அவரிட்டைக் கோப்பி வாங்கினது உமக்கு விளங்குதோ?"

"விளங்குது. ஆனால் இந்த வயதிலை உங்களுக்கு நித்திரை வராது."

"வரத் தேவையில்லை."

இனி மற்றக் கதை.

மறதி எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துவிட்டு மறப்பது எல்லாருக்கும் உள்ளதுதானே. ஒருநாள் அக்காடி மெற்றோ நிலையத்தில் இறங்க வேண்டியவர் பக்கத்து நிலையமான பார்க்கில் இறங்கி, வெளியே வந்து, வழி தெரியாமல் நின்றிருக்கிறார். எங்கள் தெருமுனை டெப்பனர்க் கடையில் பாலும் பாணும் விற்கிறவர் கண்டு கூட்டிவந்து விட்டார். வைத்தியர் சோதித்துப் பார்த்து மறதி நோயின் தொடக்கம் என்றார். "அவர் சொல்றதை மறுத்துக் கதைக்காதேங்கோ, ஓம் எண்டு போங்கோ" என்று மகளிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் ஓம் சொல்லத் தொடங்கினோம். திங்கட்கிழமையைப் புதன் என்றாலும் ஓம். சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்றாலும் ஓம், தாறன். அவர் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்ப்பார். நான் வேறு பக்கம் திரும்பிவிடுவேன்.

பனி முடியும் காலத்துக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரேயொரு படம் காட்டுவது வழக்கம். தங்களுக்குப் பிடித்த ஒன்று. இவர் நாட்கணக்காகத் தேடி ஒரு படத்தை எடுத்தார். பனிப்புகார், இரண்டு பக்கமும் தேயிலை, நடுவிலே ஒரு சின்ன எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்புகிறது. கடைசிப் பெட்டியின் படியில் ஓர் ஆள் நிற்கிறான். முகம் தெரியாது.

"இஞ்சாரும், இதிலை நிக்கிறது ஆர் சொல்லும்?"

"ஆர்?"

"நான்தான். எங்கட பாதை."

அது அவர் எடுத்த படமே இல்லை. மகள் கொம்பியூட்டரில் கண்டு அச்சடித்துக் கொடுத்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, இராகலைப் பக்கம் மலையில் ஓடிய வேறொரு ஒடுக்கப் பாதை அது. நாற்பதுகளிலேயே அதை மூடிவிட்டார்கள். அந்தப் பாதையை ஒருநாளும் கண்ணால் காணக் கிடைக்கவில்லையே என்று இவரே எனக்கு எத்தனையோ தரம் சொல்லிக் கவலைப்பட்டிருக்கிறார்.

"இது மலைப்பக்கமெல்லோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"நீர் அதிலை வேலை செய்தனீரோ, நான் வேலை செய்தனானோ?"

"நீங்கள்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மகளுக்குச் சொன்னேன். அவள் பயந்துவிட்டாள். "அய்யோ அம்மா, அந்த ஆக்கள் அப்பாவைக் கிழிச்சுப் போடுவினம். எல்லாருக்கும் முன்னாலை உடைஞ்சு போவார்" என்றாள். எங்களிடம் சொல்லாமலே தலைவருக்கு ரெலிபோன் எடுத்து, அப்பாவுக்கு இப்படி வருத்தம், அவர் என்ன சொன்னாலும் ஒருவரும் திருத்த வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். கூட்டத்துக்குப் போகிற வழியில் காருக்குள், தகப்பன் நித்திரையாகிவிட்ட பிறகுதான் எனக்குச் சொன்னாள். எனக்கும் ஒரு பாரம் இறங்கினது போலத்தான் இருந்தது.

அன்று இவர் கோட் போட்டிருந்தார். எழும்பி நின்றார். இரண்டரை அடி என்றார். களனிவெளிப் பாதை என்றார். எஞ்சினைப் பற்றிச் சொன்னார். கடைசிப் பெட்டியைத் தடியால் தொட்டு, "இது நான்" என்றார். குரல் நல்ல தெளிவாக இருந்தது.

தலைவர் "திருத்தம் உண்டோ?" என்று கேட்டார்.

ஒரு கையும் எழும்பவில்லை.

நான் ஆட்களைப் பார்த்தேன். ஒருவர் சப்பாத்தைப் பார்க்கிறார். ஒருவர் கண்ணாடியைத் துடைக்கிறார். தாடிக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்துகொண்டு, முகம் சிவந்துபோய் இருந்தார். இவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஒருத்தருக்கும் இல்லையோ?" என்று கேட்டார். யாரோ கைதட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். பிறகு ஒருவர் ஓடிப்போய் ஒரு கோப்பி ஊற்றிக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். பிழையும் இல்லை, திருத்தமும் இல்லை, கோப்பி மட்டும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடு மண்டபத்தில் நின்றார். குடிக்கவில்லை. படத்தையும் எடுக்காமல் வந்துவிட்டார்.

காருக்குள் மகள், "அப்பா, எல்லாரும் கைதட்டினவை, பார்த்தீங்களோ?" என்றாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிக் கொழுவினார். கட்டிலில் இருந்தார்.

"இஞ்சாரும். அவையள் என்னைக் கழிச்சுப் போட்டினம்."

"என்ன கதை இது? கைதட்டினவையெல்லோ?"

"செத்த வீட்டிலைதான் ஒருத்தரும் மறுத்துக் கதைக்க மாட்டினம். கிடக்கிறவரைப் பற்றி என்ன சொன்னாலும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுவினம்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் ஏதோ பிழை சொல்லியிருக்கிறன். அவையின்ரை முகத்திலை கண்டனான். ஆனால் என்ன பிழை எண்டு எனக்குத் தெரியேல்லை. உமக்குத் தெரியுமோ?"

நான் தெரியாது என்றேன்.

பிஸ்கற் ரின்னை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே, எட்டாத மூலைக்குக் காலால் தள்ளிவிட்டார். இனிப் போறேல்லை என்றார். அடுத்த கூட்டம் வந்தது. மகள் வந்து நின்றாள். அவர் உடுப்பு மாற்றாமல், வீட்டில் கட்டுகிற சறத்தோடு யன்னலடியில் இருந்தார். "விடுங்கோ அம்மா, வீட்டிலை இருந்தால் அலைச்சல் இல்லை" என்றாள் மகள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தக் கிழமைகளில் அவர் கதைப்பதே குறைந்துவிட்டது. எதைக் கேட்டாலும் "உம்மட விருப்பம்" என்பார். அறுபது வருடம் என்னோடு வாதாடிய மனுசன் உம்மட விருப்பம் என்கிறார். எனக்கு அது நோயை விடப் பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் காலமை. பனி உருகி வெளிப்படியெல்லாம் ஈரம். யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் தாடிக்காரர். முன்பு இவரைக் காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறார், அதனால் வீடு தெரியும். கையிலே ஒரு தடித்த உறை.

"மதாம், இது அவர் விட்டிட்டு வந்த படம்" என்றார். நான் வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. "உங்கட மகள் தலைவரிட்டைச் சொன்னவ. தலைவர் எங்களிட்டைச் சொன்னவர். நானும் ஓம் எண்டு போட்டன். அண்டையிலையிருந்து இந்தப் படம் என்ரை மேசையிலை கிடந்து என்னைப் பார்த்து முழிக்குது. எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை. மதாம், அவர் சொன்னது பிழை. அது அந்தப் பாதையே இல்லை!"

கடைசி வரியைக் கத்தியேவிட்டார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். மறுக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. மகள் பயந்தது மறக்கவில்லை. உள்ளே அவர் யன்னலடியில் இருக்கிறார், இந்தச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தியென்றால் வாசலில் தபால்காரன் நின்றாலும் எழும்பி வந்து கதை குடுக்கிறவர்.

அத்தனை வருடத்தில் அந்தத் தாடிக்காரரோடு நான் பொன்ஜூர், மெர்சி தவிர ஒன்றும் கதைத்ததில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சைப் பொறுக்கிக் கூட்டிச் சொன்னேன். "உள்ளுக்கு வாங்கோ. சப்பாத்தைக் கழட்டுங்கோ. எனக்குச் சொல்லாதேங்கோ, அவருக்குச் சொல்லுங்கோ. வலப் பக்கம் நிண்டு சொல்லுங்கோ, மற்றக் காது கேளாது."

அவர் சொக்ஸோடு நடந்து போய்ப் படத்தை மேசையில் வைத்தார். "கார்ட், திருத்தம் இருக்கு" என்றார்.

இவர் மெல்லத் திரும்பினார். ஆளை அடையாளம் காணக் கொஞ்ச நேரம் எடுத்தது. சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன திருத்தம்?"

"இது உம்மட பாதை இல்லை. மலைப் பாதை. இந்தப் பாதையைக் கழட்டேக்கை உமக்கு என்ன வயது? ஏழோ, எட்டோ? அரைக்காற்சட்டையோடையோ நீர் கார்ட் வேலை பார்த்தனீர்?"

இவர் படத்தைக் கிட்ட இழுத்தார். பார்த்தார். கனநேரம் பார்த்தார். எனக்கு அந்த நேரம் போதும் போதும் என்றிருந்தது. அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவருடைய தோள் குலுங்கியது. பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார்.

"அரைக்காற்சட்டையோடை" என்று எனக்குத் தமிழில் சொன்னார். "விசிலை ஊதினால் சளிதான் வந்திருக்கும்."

தாடிக்காரருக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் அப்போதுதான் கதிரையில் இருந்தேன்.

"சரி, இடம் பிழை. படியிலை நிக்கிறதும் நானில்லை" என்றார் இவர். பிறகு விரலைத் தூக்கினார். "ஆனால் எஞ்சின்? இந்த எஞ்சினை எனக்குத் தெரியும். மலைப்பாதையை மூடினாப் பிறகு இதைக் கழட்டிக் கீழை எங்கட பாதைக்குக் கொண்டந்தவை. இதுக்குப் பின்னாலை நான் போயிருக்கிறன்."

"அது வேறை. அதே மாதிரிச் செய்த இன்னொண்டு."

"இதுதான்."

"நிரூபியும்!"

"நிரூபிக்கிறன்! இஞ்சாரும், எங்கை என்ரை ரின்?"

அவர் தள்ளிவிட்ட மூலைக்குள் என்னால் குனிய முடியவில்லை. அந்தப் பெரிய உடம்புக்காரர்தான் நிலத்தில் படுத்து, கையை நீட்டி ரின்னை இழுத்து எடுத்தார். தாடியெல்லாம் தூசி. இரண்டு பேரும் மேசை முழுக்கப் படங்களைப் பரப்பினார்கள். கடைசியில் இவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இந்தா!" என்றார்.

அவிசாவளையில் எடுத்தது. எஞ்சின் நல்ல தெளிவு. இலக்கத் தகடும் இருக்கிறது. ஆனால் தகட்டின் பாதியை மறைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். கலியாணம் முடிந்த புதிது. பூப்போட்ட சீலை, கையிலே குடை. என்னை அங்கே நில்லும் என்று சொன்னதே இவர்தான்.

தாடிக்காரர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். மலைப் படத்து எஞ்சினில் இரண்டு இலக்கமும் தெரிகிறது; இதில் ஒன்றுதான் தெரிகிறது, மற்றது என் தோளுக்குப் பின்னால்.

"மதாம், நீங்கள் சாட்சியை மறைச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். ஞாபகம் இருக்கோ, உங்களுக்குப் பின்னாலை என்ன இலக்கம் இருந்தது?"

"நான் கமராவைப் பார்த்தனான். எஞ்சினை ஆர் பார்த்தது?" என்றேன்.

"பார்த்தீரோ?" என்று இவர் அவரிடம் சொன்னார். "நான் அண்டைக்கே சொன்னனான் கொஞ்சம் தள்ளி நில்லும் எண்டு. கேக்கேல்லை."

"நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லை. சிரியும் எண்டுதான் சொன்னீங்கள்."

"அப்ப ஏன் சிரிக்கேல்லை?" என்று படத்தில் என் முகத்தைத் தொட்டுக் கேட்டார் தாடிக்காரர்.

பிறகு இவர் எழும்பிக் குசினிக்குப் போனார். இடத்தில் விட்ட பிழைக்கு உரிய கோப்பி. நான் எழும்பவில்லை. சீனி எங்கே இருக்கிறது என்று தேடுகிற சத்தம் கேட்டது, ஒரு கரண்டி விழுந்தது. கனநேரம் கழித்து, சோசரில் பாதியைச் சிந்திக்கொண்டு கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தார். தாடிக்காரர் பென்சிலை எடுத்து, மலைப் படத்தின் பின்பக்கத்தில் எழுதினார். இடத்தை மட்டும் எழுதினார். எஞ்சினுக்கு ஒரு கேள்விக்குறி போட்டார். கேள்விக்குறி போட்டது பிழை என்று இவர் சண்டை பிடித்தார்.

அந்த நேரம் மகள் மரக்கறிப் பையோடு ஏறி வந்தாள். வாசலில் பெரிய சப்பாத்து, உள்ளே இரண்டு கிழவர்களின் சத்தம்.

"என்ன அம்மா, சண்டையோ?"

"ஓம். நல்லா நடக்குது."

அவளுக்கு விளங்கியதும் முகம் மாறிவிட்டது. "அப்பாவுக்குச் சொல்லிப் போட்டாரோ? நான் எவ்வளவு பாடுபட்டனான்!" என்று குசினிக்குள் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். நான், எட்டிப் பார் என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். தகப்பன் பூதக்கண்ணாடியால் அந்த மனுசனின் வயிற்றில் குத்திக் குத்தி எதையோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் மரக்கறியை அடுக்கவில்லை. பையைக் கீழே வைத்தாள். "கனநாளைக்குப் பிறகு கோபப்படுறார், என்ன?" என்றாள்.

தலைவருக்கு அவளே மறுபடி ரெலிபோன் எடுத்தாள். அவர், "பெரிய உபகாரம் பிள்ளை, எங்களுக்கும் நாக்கைக் கடிச்சுக் கடிச்சுப் புண்ணாப் போச்சு" என்ற மாதிரி ஏதோ சொன்னாராம். அடுத்த கூட்டத்துக்கு இவர் கோட் போட்டுக்கொண்டு போனார். அவிசாவளைப் படத்தைக் காட்டினார். தலைவர் கேட்டு முடிக்கவில்லை, கைகள் எழும்பிவிட்டன. எனக்கு அந்தக் கைகளை எண்ண வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

நோய் போகவில்லை. அதை மறைக்கக் கூடாது. இப்போது தாடிக்காரர் வந்து போனதையே மறந்துவிடுகிறார். மாதத்துக்கு ஒரு தரமாவது மலைப் படத்தை எடுத்து, படியில் நிற்கிறது நான்தான் என்று தொடங்குவார். தாடிக்காரர் ஒவ்வொரு தரமும், முதல் தரம் கேட்பதுபோல, கை உயர்த்துவார். இல்லை, நீர் இல்லை, அது உம்மட பாதை இல்லை. இவர் ஒவ்வொரு தரமும் பார்த்து, விளங்கி, ஒப்புக்கொண்டு, எஞ்சினில் வந்து நிற்பார். சில நாள் ஒப்புக்கொள்ளாமல் கோபித்துக்கொண்டும் வருவார். வீட்டிலே நானும் இப்போது எல்லாவற்றுக்கும் ஓம் சொல்வதில்லை. திங்கட்கிழமையைப் புதன் என்றால், திங்கள் என்கிறேன். சில நாள் அது நல்லதாகப் போகும், சில நாள் போகாது. வைத்தியர் சொன்னதும் பிழையில்லை. எல்லா மனுசரும் ஒரு மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

படியில் இறங்கும்போது ஒருநாள் தாடிக்காரரிடம் கேட்டேன். "ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்ல உங்களுக்கு அலுக்கேல்லையோ?"

"மதாம், எனக்கு இன்னும் அந்த இலக்கம் தெரியாது. அது தெரியுமட்டும் எனக்கு எங்கை அலுக்க நேரம்?" என்றார்.

அதுதான் இப்போது கிடக்கிற பிரச்சினை. இரண்டு பேரும் கிழவர்கள். யார் சரி என்று தெரியாமல் இருக்கிறார்கள். ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலைப்பாதையை மூடியது நாற்பதுகளில் என்று எழுதியிருக்கிறேன். அது சரியோ என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அந்த எஞ்சின்களில் ஏதாவது பிறகு களனிவெளிப் பாதைக்கு வந்ததோ, அதையும் சொல்லுங்கள். ஊர்ப் பெயர்களில் எழுத்துப் பிழை இருந்தாலும் சொல்லுங்கள். அவிசாவளைப் பக்கம் வேலை செய்தவர்களின் வீட்டில், அந்தக் காலத்துச் சின்ன எஞ்சின் படம், முன்னால் ஒருவரும் நிற்காமல் இருந்தால், தயவுசெய்து இலக்கத் தகட்டைப் பார்த்து எங்களுக்கு அறிவியுங்கள். என் மனுசன் சொன்னது பிழை என்று வந்தாலும் பரவாயில்லை. அவருக்கே நேரே சொல்லுங்கள். வலப் பக்கம் நின்று சொன்னால் கேட்கும்.